ப்ளஸ் ஒன்னைக் காணோம்

எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் இருக்கும் நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். ஏதோ மோட்டார் ரிப்பேர் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு திறந்தேன்.

“ஸார், ‘கோட்டா ஃபேக்டரி’ பார்த்துட்டீங்களா?”

“இல்லியே...”

“என்ன ஸார், வாராவாரம் எழுதறீங்க, இதைப் பார்க்காம இருக்கீங்க? என் பையனுக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு எபிசோட்லயே சார்ஜ் ஏறிட்டான். அவனே அலாரம் வெச்சுக்கிட்டு அஞ்சு மணிக்கு எந்திரிக்கறான்!”

பையன் ஒன்பதாம் வகுப்பு. ஸ்கூல் விட்டு வந்து, நின்றபடியே ஒரு தோசையைத் தின்றுவிட்டு, வாரத்தில் நாலு நாள் ‘ஃபவுண்டேஷன்’ வகுப்புக்குப் போகிறான். ஐ.ஐ.டி.க்கு இப்போதே அஸ்திவாரமாம். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் டைம்டேபிள் ஒட்டியிருக்கும். அதில் மாலை 5.40 முதல் 6.10 வரை ‘ரிலாக்ஸ்’ என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பேலன்ஸ் இருக்க வேண்டும் இல்லையா? ஒரு நாள் லிஃப்ட்டில் அந்தப் பையனைப் பார்த்து, “என்னடா இவ்வளவு அவசரம்?” என்று கேட்டேன். “ரிலாக்ஸ் பண்ணணும் அங்கிள், டைம் ஆயிடுச்சு” என்றான். சிரிக்காமல்தான் சொன்னான்.

நண்பர் சொல்லிவிட்டாரே என்று உட்கார்ந்து பார்த்தேன். மூன்று சீஸன், சீஸனுக்கு ஐந்து எபிசோட். பார்த்து முடித்தபோது எனக்கு ஒரு குழப்பம். எடுத்தவர்கள் தலைப்பிலேயே இதைத் தொழிற்சாலை என்கிறார்கள். முதல் சீஸனில் எபிசோடுகளின் பெயர்கள்கூட ‘இன்வென்ட்டரி’, ‘அசெம்பிளி லைன்’ என்று மிஷின் பாஷையில்தான் இருக்கின்றன. பிள்ளைகளைப் போட்டு இப்படி அரைக்கிறார்களே என்ற கேலி அது. அந்தக் கேலியைப் பார்த்துவிட்டு ஒரு பதினாலு வயசுப் பையன் அலாரம் வைத்துக்கொள்கிறான் என்றால், கோளாறு யாரிடம்? பையனிடமா, அப்பாவிடமா, கதையிடமா?

கதையிடமும் கொஞ்சம் இருக்கிறது என்பது என் கட்சி.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பிரதேசத்தில் இட்டார்ஸி என்ற ஊரிலிருந்து வைபவ் என்ற பையன், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ராஜஸ்தானில் உள்ள கோட்டாவுக்கு வருகிறான். லேட்டாக வந்ததால் அவன் ஆசைப்பட்ட பெரிய கோச்சிங் சென்டரில் இடம் இல்லை. அடுத்த தரத்து இடத்தில் சேர்கிறான், அங்கேயும் கடைசி வரிசை பாட்ச். மீனா (பையன்தான், அந்தப் பக்கத்தில் அது குடும்பப் பெயர்), உதய் என்று இரண்டு சிநேகிதர்கள் கிடைக்கிறார்கள். ஃபிஸிக்ஸ் வாத்தியார் ஜீது பையா. பையா என்றால் அண்ணன். டி.வி.எஃப். தயாரித்து 2019-ல் யூட்யூபில் முதல் சீஸன் வந்தது. பிறகு 2021-லும் 2024-லும் நெட்ஃபிளிக்ஸில் அடுத்த இரண்டும் வந்தன. கிட்டத்தட்ட முழுவதும் கறுப்பு வெள்ளை.

கோட்டாவில் நிஜமாகவே ஒரு பெரிய ஃபேக்டரி இருந்தது. ஜே.கே. சிந்தெடிக்ஸ். அதில் இன்ஜினீயராக இருந்த வி.கே. பன்சாலுக்குத் தசைகள் நாளாக நாளாக பலம் இழக்கும் வியாதி வந்தது. 1980-களில் அவர் வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அவர்களில் சிலர் ஐ.ஐ.டி.க்குப் போனதும் கூட்டம் சேர்ந்தது. 1991-ல் அது ‘பன்சால் கிளாஸஸ்’ ஆனது. 1997-ல் ஜே.கே. ஆலையை மூடினார்கள். ஆலை போன ஊருக்கு கோச்சிங்தான் ஆலை என்று ஆயிற்று. பன்சால் 2021-ல் காலமானார். இவரைப் பற்றியே யாராவது ஒரு படம் எடுக்கலாம்.

குறை சொல்வதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். முதல் சீஸனின் கடைசிப் பகுதி பிரமாதம். வைபவுக்கு அவன் ஏங்கிய அந்தப் பெரிய கோச்சிங்கில் இடம் கிடைத்துவிடுகிறது. வேறொரு கதையாக இருந்தால் இதற்கு டமாரம் அடித்திருப்பார்கள். இங்கே அவன் மீனாவையும் உதயையும் விட்டுவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். ஜெயித்த காட்சியில் பார்க்கிறவனுக்குத் தொண்டை அடைக்கிறது. புது இடத்தில் முன்னைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகள், முன்னைவிட நல்ல பாட்ச், பேசத்தான் ஆள் இல்லை. இந்தப் படிப்பில் சிநேகிதம் என்பது பாட்ச்சைப் பொறுத்தது, பாட்ச் மார்க்கைப் பொறுத்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

நம் ஊரிலும் மாதத் தேர்வுக்கு மாதத் தேர்வு மார்க்கைப் பார்த்து செக்ஷன் மாற்றும் பள்ளிகள் இருக்கின்றன. தெரிந்த பெண் ஒருத்தி, ஒரே வருடத்தில் மூன்று செக்ஷன் மாறினாள். “யார் பக்கத்துல உக்காந்தாலும் டிசம்பர் வரைக்கும் இருப்பாளான்னு தெரியாது அங்கிள், அதனால ரொம்ப பேசறதில்ல” என்றாள். அவளுக்கு வயது பதினாறு.

சரி, என் புகாருக்கு வருகிறேன்.

முதலாவது, அந்தக் கறுப்பு வெள்ளை. கோட்டாவில் வாழ்க்கைக்குக் கலர் கிடையாது என்பதற்காக அப்படி எடுத்தார்கள். ஆனால் கறுப்பு வெள்ளைக்கு ஒரு குணம் உண்டு. எதைக் காட்டினாலும் அழகாகக் காட்டிவிடும். ஹாஸ்டல் மொட்டை மாடி, டீ கிளாஸில் எழும் ஆவி, ராத்திரி ரோட்டில் மூன்று பேர் ஒரே பைக்கில் போவது, எல்லாமே பழைய ஆல்பத்தைப் புரட்டுவது போல இருக்கிறது. யார் ஆல்பம் என்று பார்த்தால் விஷயம் புரியும். டி.வி.எஃப். நிறுவனத்தைத் தொடங்கிய அருணாப் குமாரும், ஜீது பையாவாக நடித்திருக்கும் ஜிதேந்திர குமாரும் ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்தவர்கள். அதாவது அந்தக் கதவு திறந்து உள்ளே போனவர்கள். உள்ளே போனவன் திரும்பிப் பார்க்கும்போது மெஸ்ஸின் தண்ணிச் சாம்பார்கூட இனிக்கும். கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டவன் கேமராவைப் பிடித்திருந்தால் அதே மொட்டை மாடி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

(‘த்ரீ இடியட்ஸ்’ படத்துக்கு ஆதாரமான நாவலை எழுதிய சேத்தன் பகத்தும் ஐ.ஐ.டி. டெல்லிக்காரர்தான். ஐ.ஐ.டி.யைத் திட்டுவதற்கும் ஐ.ஐ.டி.யில் படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது!)

இரண்டாவது, ஜீது பையா. தங்கமான மனிதர், சந்தேகமே இல்லை. ஜிதேந்திர குமார் அலட்டாமல் நடித்திருக்கிறார். ஆனால் அவர் செய்கிற வேலை என்ன? ஒரு பையனுக்கு இன்ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பிடிக்கவில்லை. இன்னொருவனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்ததிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. இன்னொருவனுக்கு ஊர் ஞாபகம். ஒவ்வொருவராக அவரிடம் போகிறார்கள். தோளில் கை போட்டுப் பேசுகிறார். பையன் தெளிந்து, சிரித்து, திரும்பப் போய் புத்தகத்தைத் திறக்கிறான். ஒவ்வொரு தடவையும் முடிவில் திறக்கப்படுவது புத்தகம்தான். காதலானாலும் காய்ச்சலானாலும் எல்லாம் ரிப்பேர் செய்து மறுபடி லைனில் ஏற்ற வேண்டிய கோளாறுகள். நாள் முழுக்கப் படிக்காதே, நண்பர்களோடு இரு, நன்றாகத் தூங்கு என்கிற புத்திமதியும் மறுநாள் இன்னும் நன்றாகப் படிக்கலாம் என்பதில் போய்த்தான் முடிகிறது. எங்கள் இரண்டாவது மாடி ஃபிரிட்ஜில் பச்சை ஸ்கெட்ச்சில் எழுதியிருப்பதும் இதே சங்கதிதான். சந்தோஷம் என்பது பெட்ரோல். வண்டி ஓடுகிற அளவுக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும்.

இதைத் தயாரித்தவர்களுக்கே பிற்பாடு உறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டாவது சீஸன் ஒரு மரணச் செய்தியில் முடிகிறது. மூன்றாவதில் ஜீது பையாவே உடைந்துபோய் மனநல டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இது நேர்மையான காரியம். நிஜ கோட்டாவில் 2023-ல் மாணவர் தற்கொலைகள் தொடர்ந்தபோது, ஹாஸ்டல் மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்தச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. பிள்ளையின் மனசுக்கு வழி தேடாமல் மின்விசிறிக்கு வழி தேடிய அந்த ஊரில், ஒரு வாத்தியார் தன் பங்கை நினைத்துக் கலங்குவதாகக் காட்டியதற்குப் பாராட்ட வேண்டும். பிறகு அவர், தேர்வானவர்களை மட்டும் கொண்டாடாதீர்கள், தயாராகிற உழைப்பையும் கொண்டாடுங்கள் என்ற அர்த்தத்தில் பேசுகிறார். கைதட்ட வைக்கிற பேச்சுதான். ஆனால் பதினாறு வயதில் தயாராவதைத் தவிரக் கொண்டாட வேறு எதுவும் இருக்கலாமோ என்று அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த சீரியலுக்கு நான் கேட்ட சிறந்த விமர்சனம் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் சொன்னது. “பிடிச்சிருந்ததாடா?” என்று கேட்டேன். “சூப்பர் அங்கிள்” என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அங்கிள், அவங்கள்லாம் ஸ்கூலுக்கு எப்ப போவாங்க?” என்றான்.

நான் அதைக் கவனிக்கவே இல்லை! கதையில் வருகிறவர்கள் அத்தனை பேரும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஆனால் பள்ளிக்கூடம் என்பது கதை நடக்கிற இடமாக வருவதே இல்லை. பெல் கிடையாது, பிரேயர் கிடையாது, தமிழய்யா மாதிரி ஒரு ஹிந்தி மாஸ்டர் கிடையாது. இது கதாசிரியரின் மறதி இல்லை, அங்கே நடைமுறையே அதுதான். ‘டம்மி ஸ்கூல்’ என்று பெயர். பெயர் ஒரு பள்ளியில் பதிவாகியிருக்கும், ஆள் கோச்சிங்கில் இருப்பான். பள்ளி வருகைப் பதிவேட்டில் தவறாமல் ‘பிரசென்ட்’ விழும். 2024 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலுமாக 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை சி.பி.எஸ்.இ. இதற்காகவே ரத்து செய்தது.

“நம்ம ஊர்ல அந்த மாதிரி இல்ல ஸார்” என்றார் நண்பர். உண்மைதான், நாம் வேறு மாதிரி செய்தோம். பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பைக் காணாமல் அடித்தோம்.

நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகள் ஓஹோவென்று இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? மாநில ரேங்க் பட்டியல் வந்த அன்று பேப்பரில் முழுப் பக்க விளம்பரங்கள், வரிசை வரிசையாக பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோக்கள். அதன் சூட்சுமம் ஊரறிந்தது. ப்ளஸ் ஒன்னில் சேர்ந்த முதல் மாதமே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் உருப்போட்டால் 1200-க்கு 1180 வாங்குவது பெரிய விஷயமா? ப்ளஸ் ஒன் புத்தகம் மட்டும் புதுக்கருக்கு கலையாமல் பெட்டிக்கு அடியில் கிடக்கும்.

இதில் ஒரு விபரீதம் பிறகு தெரிந்தது. ஜே.இ.இ., நீட் போன்ற தேர்வுகளில் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேட்கிறார்கள். அது நம் பிள்ளைகள் திறக்காத புத்தகம். என்ன செய்யலாம்? அரசாங்கம் யோசித்தது. தொலைந்துபோன ப்ளஸ் ஒன்னைத் தேடிப் பிடிக்க அதற்கும் ஒரு பொதுத் தேர்வு வைத்துவிட்டார்கள்! 2018 மார்ச்சில் முதல் தேர்வு. பத்தில் பொதுத் தேர்வு, பதினொன்றில் பொதுத் தேர்வு, பன்னிரண்டில் பொதுத் தேர்வு, மேலே நுழைவுத் தேர்வு. ஒரு வகுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதன் கழுத்தில் ஒரு பரீட்சையைக் கட்ட வேண்டும் என்பது தவிர நமக்கு வேறு வைத்தியம் தெரியவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. எடுத்தது சரி. அப்படிக் கிடைத்த வருடத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பார்களா, கோச்சிங்குக்குக் கொடுப்பார்களா என்பதுதான் தெரியவில்லை.

இன்றைக்கு நாற்பது தாண்டியவர்கள் பழைய கணக்கை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 1984-ல் வந்த நுழைவுத் தேர்வு 2006 வரை நடந்தது. 2007-ல் சட்டம் போட்டு எடுத்தார்கள். கட்-ஆஃப் மொத்தம் 300, அதில் நுழைவுத் தேர்வுக்கு 100. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து, அது வருவதற்குள் ஒரு மாதம் கிடைக்கும். அந்த ஒரு மாதம் கொளுத்தும் வெயிலில் தகரக் கொட்டகையில் ‘கிராஷ் கோர்ஸ்’. பெரும்பாலானவர்களுக்கு நுழைவுத் தேர்வுப் படிப்பு அவ்வளவுதான். அது பரம நியாயமான ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒரு மாதம்கூடக் கிடைக்காத கிராமத்துப் பிள்ளைகள் இருந்தார்கள், அதனால்தான் எடுத்தார்கள். ஆனால் படிப்பின் நீளத்தைப் பாருங்கள். அன்றைக்கு ஒரு மாதம், பிறகு ஒரு வருடம், பிறகு இரண்டு, இப்போது ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு வருடம். ஆறாம் வகுப்புக்கே ஃபவுண்டேஷன் விளம்பரங்கள் வருகின்றன. 16 வயதுக்குக் குறைந்தவர்களைக் கோச்சிங் சென்டர்களில் சேர்க்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. இதை நண்பரிடம் சொன்னபோது, “இது கோச்சிங் இல்ல ஸார், ஃபவுண்டேஷன்!” என்றார்.

அந்தக் காணாமல் போன ப்ளஸ் ஒன்னில் அப்படி என்ன இருந்தது? உபயோகமாக ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பின் பயம் முடிந்துவிட்டது, பன்னிரண்டின் பயம் இன்னும் வரவில்லை. புது குரூப், பாதிப் பேர் வேறு ஸ்கூலிலிருந்து வந்தவர்கள். கெமிஸ்ட்ரி லேபில் முதல் தடவையாக சால்ட் அனாலிஸிஸ். அழுகின முட்டை நாற்றம் வராந்தா முழுக்கப் பரவி, பக்கத்து ஹிஸ்டரி வகுப்பிலிருந்து ஆள் அனுப்பித் திட்டுவார்கள். என்ன உப்பு என்று கண்டுபிடிக்க முடியாமல் நான் லேப் அட்டெண்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் ஒரு மாதிரி கண்ணைச் சிமிட்டினால் லெட். அது லெட் இல்லை என்று பின்னால் தெரிந்தது வேறு விஷயம். என்.எஸ்.எஸ். கேம்ப்பில் போட்ட ரோடு அடுத்த மழைக்கே கரைந்துபோனது. பாடப் புத்தகத்துக்குள் மாத நாவல். இதில் எதையும் டைம்டேபிளில் 5.40 முதல் 6.10 வரை என்று எழுத முடியாது. எழுதினால் அது வராது.

இன்றைய பிள்ளைக்கு அந்த உப்புகள் அத்தனையும் தெரியும். எதற்கு எந்தக் கலர் வீழ்படிவு என்று நாலு விடையில் சரியானதைப் பளிச்சென்று டிக் அடிப்பான். அந்த நாற்றம் மட்டும் தெரியாது.

சிரிப்பாகச் சொன்னாலும் இதில் ஒரு கவலை இருக்கிறது. நீட் தேர்வில் இப்போது 180 கேள்வி, 180 நிமிடம். சரியான விடைக்கு 4 மார்க், தப்பானால் 1 குறையும். நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்றால் நல்ல பயிற்சியாளர் என்ன சொல்லித் தருவார்? புரியாத கேள்வியில் நிற்காதே, தாண்டிப் போ. நிச்சயமாகத் தெரியாவிட்டால் வாயைத் திறக்காதே. பரீட்சைக்கு இது மிகச் சரியான யோசனை. பதினேழு வயதில் மூன்று மணி நேரத்துக்கு இப்படி இருக்கலாம், தப்பில்லை. ஆனால் பதிமூன்று வயதிலிருந்து தினமும் இதே பழக்கம் என்றால்? புரியாத கேள்வியில் நின்று தவிப்பதும், தப்புத் தப்பாகப் பதில் சொல்லி வகுப்பே சிரிப்பதும்தான் அந்த வயசு. அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் நான் எதையாவது கேட்டால், தெரிந்தால் உடனே சொல்கிறான். தெரியாவிட்டால் சும்மா இருக்கிறான். குத்துமதிப்பாகக்கூட ஒன்றும் சொல்வதில்லை. அது அவன் சுபாவமா, மைனஸ் மார்க்கா என்று எனக்குத் தெரியாது.

நம் சினிமாவும் இந்த விஷயத்தில் நமக்குப் பொய்தான் சொல்லியிருக்கிறது. 2009-ல் வந்த ‘த்ரீ இடியட்ஸ்’, 2012-ல் ஷங்கர் அதையே தமிழில் எடுத்த ‘நண்பன்’, இரண்டையும் கைதட்டிப் பார்த்தோம். மார்க்குக்காகப் படிக்காதே, ஆசைப்பட்டுப் படி என்று விஜய் சொன்னபோது தியேட்டரே ஆரவாரம். சரி, அந்தப் பாரி என்கிற பாத்திரம் பரீட்சையில் என்ன வாங்குகிறான்? முதல் ரேங்க்! ஆசைப்பட்டுப் படித்தால் முதல் ரேங்க்கும் தானாக வரும் என்பதுதான் நமக்குக் கிடைத்த சேதி. எந்தப் பெற்றோருக்குக் கசக்கும்? அதே 2012-ல் பிரகாஷ்ராஜ் இயக்கிய ‘தோனி’ இன்னும் கொஞ்சம் துணிந்தது. அதில் பையனுக்குக் கணக்கு வராது. ஆனால் கிரிக்கெட் வரும். மார்க் வாங்காத பையனை நம் சினிமா மன்னிக்கும், அவன் கையில் மட்டையோ கேமராவோ இருந்தால். கணக்கும் சுமார், கிரிக்கெட்டும் சுமார், நாலு சிநேகிதர்களோடு நன்றாக இருந்தான், சாதாரண காலேஜில் சேர்ந்தான், சௌக்கியமாக இருக்கிறான் என்று ஒருவனை வைத்து யாரும் படம் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அவன்தான்.

இப்படி எழுதிக்கொண்டு போகும்போது எனக்கே ஒரு குரல் குறுக்கே வருகிறது. ‘உமக்கென்ன, எழுதிவிட்டுப் போவீர்.’ நியாயம்தான். ‘கோட்டா ஃபேக்டரி’யில் மீனா ஏழை வீட்டுப் பிள்ளை. அவனுக்கு இந்தப் படிப்பு விட்டால் வேறு ஏணி கிடையாது. ‘பிள்ளைகளை விளையாட விடுங்கள்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கித் தரக்கூடியவர்கள். (இந்த கோட்டா வேறு.) இரண்டாவது மாடி நண்பருக்கு அந்த வசதி இல்லை. மாதச் சம்பளம், ஃபிளாட் லோன். “இப்ப நாலு வருஷம் கஷ்டப்பட்டா பின்னாடி நாப்பது வருஷம் நிம்மதி ஸார். இப்ப விட்டா ப்ளஸ் டூ முடிச்சு ஒரு வருஷம் வீட்ல உக்காந்து திரும்ப எழுதணும். அது மட்டும் நல்லதா?” என்று கேட்டார்.

கேட்டதில் விஷயம் இருக்கிறது. நீட்டின் பாதிப்பை ஆராய 2021-ல் அமைக்கப்பட்ட ஏ.கே. ராஜன் குழு ஒரு கணக்கு கொடுத்தது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில், முதல் முயற்சியில் வராமல் மறுபடி எழுதி வந்தவர்கள் 2016-17-ல் 12.47 சதவிகிதம். 2020-21-ல் 71.42 சதவிகிதம். பத்துக்கு ஏழு பேர்! பள்ளி முடிந்தும் கிளாஸ்மேட் யாரும் இல்லாத ஒரு வருடம், சில பேருக்கு இரண்டு, அறைக்குள் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அந்த வருடத்தைத் தவிர்க்கத்தான் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கிறேன் என்கிற அப்பாவைக் கொடுமைக்காரர் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஆனால் அவர் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து சுமார் 18 ஆயிரம் இடங்கள். 2024-ல் ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய எண்பது பேருக்கு ஒரு இடம். நாலு வருடம் படித்தாலும் நாற்பது வருடம் படித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எண்பது பேரும் ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தால் என்ன ஆகும்? எழுபத்தொன்பது பேர் ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்துக் கிடைக்காதவர்கள் ஆவார்கள். ஆகவே, ‘கிடைக்குமா’ என்பதோடு இன்னொன்றையும் அப்பா அம்மா இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். கிடைக்காவிட்டால், இந்த நாலு வருடத்திலிருந்து பிள்ளையிடம் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு சிநேகிதனாவது? ஒரு தப்பான உப்பாவது?

‘கோட்டா ஃபேக்டரி’யில் யாருக்கு ஐ.ஐ.டி. கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று இங்கே சொல்லி உங்கள் சுவாரஸ்யத்தைக் கெடுக்கப் போவதில்லை. எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் முதல் சீஸனின் அந்த ஐந்தாவது எபிசோடைத் தவறவிடாதீர்கள். பார்த்துவிட்டு உடனே அட்வைஸ் ஆரம்பிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும்.

போன வாரம் லிஃப்ட்டில் நண்பரைப் பார்த்தேன். கையில் மாடல் டெஸ்ட் பேப்பர் கட்டு. “என்ன ஸார், பார்த்தீங்களா? எப்படி?” என்றார். தரைத்தளத்திலிருந்து இரண்டாவது மாடி வருவதற்குள் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? முடிந்தவரை சொன்னேன். பையன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். எண்பதில் ஒருவர் கணக்கைச் சொன்னேன். ஃபவுண்டேஷனை நிறுத்தச் சொல்லவில்லை, பதினொன்று வரை தள்ளிப் போடக் கூடாதா என்று மட்டும் கேட்டேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“நீங்க சொல்றது எல்லாம் கரெக்ட்தான் ஸார். அந்த எண்பதுல ஒருத்தன் இவனா இருந்துட்டா?”

இரண்டாவது மாடி வந்துவிட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. “பேசுவோம் ஸார்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் வீட்டுக் கதவு திறந்தபோது உள்ளே பையன் யாரிடமோ போனில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். மணி ஆறே கால் இருக்கும்.